குழியை மூடினால் கணக்கு தீர்ந்துவிடுமா?

நிலக்கரி தீர்ந்த சுரங்கத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால் தமிழ்நாட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: குழியை மூடு, மரத்தை நடு, இரும்பை ஏலத்தில் விடு. முத்துப்பேட்டை, மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் இதே பதில் இன்னும் சூடாக வரும். வயலை விழுங்க வந்த தொழிலுக்கு மணிமண்டபம் வேறு கட்ட வேண்டுமா என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள். சுரங்க நிறுவனத்துக்கு நிலமும் பழைய இரும்பின் விலையும் வேண்டும். சூழல் இயக்கத்தாருக்கு அந்த வடு கண்ணில் படாமல் ஒழிய வேண்டும். கோயில், கல்வெட்டு, செப்பேடு என்று அலையும் மரபு ஆர்வலருக்கோ, கன்வேயர் பெல்ட்டை யாராவது மரபு என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. மூன்று திசையிலிருந்து கிளம்பி ஒரே இடத்தில் வந்து நிற்கும் இந்தக் கருத்து தவறு. அதுவும் காவிரி டெல்டாவுக்கு நேரடியாகக் கேடு செய்யக்கூடிய தவறு.

அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் எடுத்துவைப்போம். நிலம் அரிது, பழைய குழியைக் காட்சிக்கு வைப்பது ஏற்கெனவே வீணான நிலத்தை நிரந்தரமாக வீணாக்குவது. குழி ஆபத்தானது: கரை சரியும், நீர் ஏறும், பழுப்பு நிலக்கரி காற்றுப்பட்டால் தானாகவே கனன்று தீப்பிடிக்கும். துருப்பிடிக்கும் இயந்திரத்துக்கு வர்ணம் பூசும் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம். நிலத்தைப் பறிகொடுத்தவர் கேட்பது நிலமும் வேலையும். அருங்காட்சியகத்தில் தன் ஊரின் படத்தை அவர் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றைப் பாதுகாப்பது என்றால் அதைப் போற்றுவது. நிலக்கரியிலிருந்து உலகம் வெளியேற வேண்டிய காலத்தில் அதற்கு மாலை போடலாமா? இவற்றில் எதுவும் அற்ப வாதம் கிடையாது. வேல்ஸிலும் ஜெர்மனியிலும் செய்துவிட்டார்கள், ஆகவே நாமும் செய்வோம் என்று பதில் சொல்பவர்தான் உண்மையில் யோசிக்க மறுக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நம் கையில் இருக்கும் வழக்கு நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரும்பொருள் வந்தது. 1940களில் புவியியல் துறை துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பர் 14 அன்று சுரங்க நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று சுரங்க வேலையை நேரு தொடக்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியின் முகத்தைப் பார்க்க 1961 வரை ஆனது. சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கி, ஒன்பது யூனிட்டுகளாக வளர்ந்து 600 மெகாவாட்டை எட்டி, 2020இல் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் வீடுகளில் முதல் குண்டு பல்பு எரிந்த கதையில் பெரும்பங்கு இந்த ஊருக்கு உண்டு. ஊர்கள் பெயர் இழந்து எண்ணிட்ட பிளாக்குகளாகிப் போன கதையும் இங்கேதான் நடந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வல்ல இடம் வேறு ஏது?

1. "அறுபது வருஷச் சாமான் எப்படி மரபாகும்?" என்பது முதல் தடை. சட்டமும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் குறைந்தது நூறு ஆண்டுப் பழமை கேட்கிறது. அந்தக் கணக்கில் நெய்வேலியின் முதல் வெட்டு 2057இல்தான் வரிசையில் வந்து நிற்க முடியும். கருங்கல்லுக்கு எழுதிய சட்டம் இது. தஞ்சைப் பெரிய கோயில் நூறு ஆண்டு காத்திருக்கும், ஆயிரமும் காத்திருந்தது. கொதிகலன் காத்திருக்காது. யூனிட் நின்ற மறு வருஷமே அதன் செம்புக் கம்பிக்கு விலை பேச ஆள் வந்துவிடும். ஒரு பொருள் மரபாகும் தகுதி பெறுவதற்கு முன்பே அது இல்லாமல் போகும்படி விதி அமைந்திருந்தால், பழுது விதியில் இருக்கிறது. நாம் ஏற்கெனவே வேறு இடத்தில் இந்தத் தடையைத் தாண்டியவர்கள்தான். நீலகிரி மலை ரயில் 2005இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி, பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைக் கவ்வி மலை ஏறும் அந்த எஞ்சினும் தொழில் மரபே. ஜன்னலோரம் உட்கார்ந்து இயற்கையை ரசிக்க முடிகிற இயந்திரம் மட்டும் மரபு, வியர்வையும் தூசியும் நினைவுக்கு வருகிற இயந்திரம் பழைய இரும்பு என்றால் அது வயதைப் பற்றிய அளவுகோலே இல்லை.

2. "டெல்டாக்காரனுக்கும் சுரங்கத்துக்கும் என்ன ஒட்டு?" இப்படிக் கேட்பவர்கள் தங்கள் ஆற்றின் வரலாற்றையே படிக்காதவர்கள். காவிரியின் முதல் பெரிய மின்சாரம் யாருக்குப் போனது? 1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் சுரங்கத்தின் மின்சாரமும் குறையும். வருஷம் முழுவதும் தடையின்றி மின்சாரம் தர வேண்டும் என்பது, பாசனத்தோடு சேர்த்து, கிருஷ்ணராஜசாகர் அணைக்கு மைசூர் அரசு முன்வைத்த காரணங்களில் ஒன்று. 1911இல் அணை வேலை தொடங்கியது. சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914இல் நடுவர் தீர்ப்பு, 1924இல் ஒப்பந்தம், அதன் பிறகு நடந்தவை எல்லாம் ஒவ்வொரு குறுவைக்கும் ஒவ்வொரு சம்பாவுக்கும் தெரியும். இன்று முத்துப்பேட்டைக் கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடந்தால், அந்த வழக்கின் ஒரு வேர் மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு தங்கச் சுரங்கத்தில் இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீருக்குத் தினமும் கணக்குப் பார்க்கும் நாம் இந்தக் கணக்கை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் யார் என்பதும் தெரிந்ததே. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் பண்ணையாரின் கண்ணில் படாமல் போக ஒரே வழி பூமிக்கு அடியில் போவது என்று தீர்மானித்தவர்கள். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் தொடர்ந்து வந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த ஊரும் அதுவே. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகள் நின்றன. குழிகளில் நீர் ஏறியது. நூற்றிருபது ஆண்டு உழைப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துக்குள் இனி யாரும் இறங்க முடியாது. மேலே மிஞ்சியவை சில இரும்புக் கோபுரங்கள், தொழிலாளர்களின் லைன் வீடுகள், தங்கம் பிரித்த கழிவாகக் கிடந்து காற்றடித்தால் ஊருக்குள் பறந்து வரும் சயனைடு மேடுகள். அந்த மேடுகளில் சினிமாக்காரர்கள் செட் போட்டார்கள். அடுத்து அதே தங்கவயலைப் பற்றிய 'தங்கலான்' படம் வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரையரங்குக்குப் போனார்கள். ஆக, சுரங்கத்தின் கதை கேட்க ஆளில்லை என்ற பேச்சு எடுபடாது. கதைக்குக் கூட்டம் இருக்கிறது, சாட்சிக்குத்தான் நாதியில்லை. சினிமாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. செட்டைப் பிரித்தபின் அந்த இடத்தில் என்ன மிஞ்சியது என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

3. "மூடி மரம் நட்டால் இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்." காதுக்கு இனிமையான இந்த வாக்கியத்தை முத்துப்பேட்டையில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. இங்குள்ள அலையாத்திக் காட்டைக் கூறு போட்டு மொட்டையாக வெட்டிய காலம் ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. தாழ்ந்த தரையில் அலைநீர் வந்து தேங்கியது, வடியவில்லை. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. அந்த உப்பில் விழுந்த விதை முளைக்கவில்லை. வெறுமனே கன்று நட்டுப் பயன் இல்லை என்று புரிய நாளாயிற்று. கடைசியில் கைகொடுத்தது மீன்முள் வாய்க்கால்: நடுவே ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியே போகும்படி. வாய்க்கால் கரையில்தான் அலையாத்தி மீண்டும் எழுந்தது. மேலிருந்து எடுத்த படங்களில் இன்றும் அந்த முள் எலும்பு தெரியும். இந்தச் சிகிச்சைக்கு வழி பிறந்தது எப்படி? வெட்டிய இடம் எது, வெட்டாத இடம் எது, தரை எவ்வளவு தாழ்ந்தது என்ற தடயம் அழியாமல் கிடந்ததால். காயத்தை மண்ணைப் போட்டு மறைத்திருந்தால் எந்த வைத்தியரும் கை வைத்திருக்க முடியாது.

நெய்வேலிக்கும் இதே நியாயம். மீட்ட நிலம் என்று காட்டப்படும் பகுதிகளில் மரம் இருக்கிறது, பசுமை இருக்கிறது, பறவையும் வருகிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே மேலே கிடப்பது அடியிலிருந்து வந்த மண். பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடந்த மணலும் களியும் கலந்து கொட்டப்பட்ட அந்த மேட்டில் முன்பு எந்த ஓடை எந்தத் திசையில் ஓடியது, எந்த ஏரி யாருக்குப் பாய்ந்தது என்பதை மரம் சொல்லாது. மரக்கன்று எண்ணிக்கையை வைத்து மீட்பை அளக்கும் பழக்கம், நிலத்தை நிலப்பரப்பாக மட்டும் பார்க்கும் பழக்கத்தின் மறுபக்கம். பழைய வெட்டு முகத்தின் ஒரு துண்டையாவது மண் அடுக்குகள் தெரியும்படி விட்டுவைத்தால், எதன்மேல் எது இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு பள்ளிப் பிள்ளையே ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.

4. "சரி, வைத்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது?" மற்றவற்றைவிட இந்தத் தடைதான் கனமானது; எங்கள் பக்கத்து ஆட்கள் இதைத் தட்டிக்கழிப்பது சரியில்லை. கோலார் மாதிரி நிலத்தடிச் சுரங்கம் என்றால் தலைக்கோபுரம் நிற்கும், குழிவாய் இருக்கும். திறந்தவெளிச் சுரங்கம் தன்னைத் தானே தின்றுகொண்டு நகரும் பிராணி. முன்னால் வெட்டிய மண்ணைப் பின்னால் கொட்டி, கொட்டிய இடத்தை மூடிக்கொண்டே போகும். 1961இல் முதன்முதலாக நிலக்கரி முகம் காட்டிய இடம் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது. ஊரும் இல்லை, குழியும் இல்லை. பின் எதைக் காப்பது?

ஜெர்மனியில் இதே பழுப்பு நிலக்கரி வெட்டிய பகுதிகள் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் கண்டன. லிஷ்டர்ஃபெல்டில் மேல்மண்ணைக் கடத்தும் எஃப்60 என்ற இரும்புப் பாலம் 502 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. 1991இல் ஓடத் தொடங்கி ஒரு வருஷம் சொச்சத்தில் நிறுத்தப்பட்ட இயந்திரம் அது, சுரங்கமே மூடிவிட்டது. வெட்டிப்போட்டால் பதினோராயிரம் டன் இரும்பு. ஊர் வெட்டவில்லை; இன்று மக்கள் அதன்மேல் ஏறி, கீழே குழி ஏரியாகிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். கோல்பா-நார்ட் சுரங்கத்தில் ஐந்து ராட்சத இயந்திரங்களை ஏரிக்கரையில் வட்டமாக நிறுத்தி ஃபெரோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அங்கே இசை விழா நடக்கிறது. எனக்கு அந்த விழாவில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒளிவிளக்குப் போட்ட இயந்திரம் எதை மறைக்கிறது என்ற சந்தேகமும் உண்டு. ஆனாலும் இயந்திரம் அங்கே நிற்பதால்தான் அந்தச் சந்தேகத்தைக் கூட எழுப்ப முடிகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மரபு என்பது இயந்திரமும் அதன் எதிரே உள்ள வெறுமையும் சேர்ந்தது. நெய்வேலியில் மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தைப் பூங்காவில் சிமெண்ட் மேடை கட்டி வைத்தால் பொம்மை. வெட்டு முகத்தின் ஓரத்தில், கன்வேயரின் ஒரு நீளத்தோடு, அது மண்ணைக் கொட்டிய மேட்டை நோக்கி நிறுத்தினால்தான் ஒரு வயல் எப்படிக் காணாமல் போகிறது என்பது விளங்கும்.

இதில் கெடு ஒன்று ஒளிந்திருக்கிறது. கோலாரில் அந்தக் கெடு பம்ப் நின்ற நாளோடு முடிந்தது. வேல்ஸில் பிக் பிட் சுரங்கம் 1980இல் மூடி 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தது; இடையில் மூன்றே வருஷம். பழைய தொழிலாளர்களே வழிகாட்டிகளாக அமர்ந்தார்கள். எந்தக் கல்லைத் தட்டினால் எந்த ஓசை வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள். இருபது வருஷம் கழித்துக் கட்டடத்தைக் காப்பாற்றலாம், கையைக் காப்பாற்ற முடியாது. நெய்வேலியில் சுரங்கம் இன்னும் ஓடுகிறது என்பதால் இந்தப் பேச்சு அவசரம் என்று சிலர் சொல்கிறார்கள். ஓடுகிற காலம்தான் இதற்கான காலம். மூடியபின் பேசுகிறவர்கள் கோலாரைத்தான் பெறுவார்கள்.

5. "ஆபத்து; செலவு." இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள், சேர்த்தே பதில் சொல்லலாம். எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1966இல் வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். மிஞ்சிய மேடுகளையும் அகற்று என்று ஊர் கேட்டது, அகற்றினார்கள். அதற்கு மக்கள் திரட்டிய துயர் நிதியிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுண்டை அரசு வாங்கிக்கொண்ட அநியாயமும் நடந்தது. அந்தப் பணம் திரும்ப வர 1997 ஆயிற்று. மேடு போக வேண்டியது, போயிற்று. பள்ளிக்கூடம் நின்ற இடம் நினைவுத் தோட்டமாக இருக்கிறது. எது போகலாம், எது நிற்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் பாதுகாப்பு. கோலாரின் சயனைடு மேட்டை அப்படியே விட்டுவை என்பவனை நானும் எதிர்ப்பேன்.

ஆபத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு திறந்துவைக்க முடியும் என்பதற்கும் பிக் பிட்டே சான்று. 90 மீட்டர் கீழே கூண்டில் இறங்கும் முன் கைக்கடிகாரம், தொலைபேசி, தீப்பெட்டி, பேட்டரி வைத்த எதுவானாலும் வாங்கி வைத்துவிடுவார்கள். தலைக்கவசமும் விளக்கும் இடுப்பில் சுவாசக் கருவியும் மாட்டிவிடுவார்கள். காட்சிக்கூடமாகிவிட்டதே என்று சுரங்கச் சட்டம் அங்கே விடுப்பில் போய்விடவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் பார்வையாளருக்குப் புரிவது, நூறு பலகை எழுதி வைத்தாலும் புரியாது.

செலவுக்கு வருவோம். சுரங்கத்தை மூடுவது இலவசம் என்பது போலவும் பாதுகாப்பதுதான் பண விரயம் என்பது போலவும் பேசுகிறார்கள். நிலக்கரி அமைச்சகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி திறந்தவெளிச் சுரங்கம் நடத்துகிறவர் மூடுசெலவுக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற அடிப்படையில் தனிக்கணக்கில் பணம் போட்டுவர வேண்டியிருந்தது. ஆயிரம் ஹெக்டேர் என்றால் 60 கோடி, அதுவும் அன்றைய விலையில். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கம் 2018இல் மூடிய பிறகும் நீரிறைப்பது நிற்கவில்லை. நிற்கவும் கூடாது, நின்றால் தாழ்ந்துபோன நிலத்தில் இருக்கும் ஊர்கள் நீரில் நிற்கும். இதற்கென்றே ஓர் அறக்கட்டளை வைத்து 'நித்தியச் செலவு' என்று பெயரிட்டு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான யூரோ கொடுக்கிறார்கள். சுரங்கத்தின் பில் எப்படியும் வரும். நான் கேட்பது, அந்தப் பில்லில் ஒரு வரி: ஒரு வெட்டு முகம், ஓர் இயந்திரம், ஒரு கன்வேயர் நீளம், ஓர் ஆவணக் கூடம். பள்ளிக்கூடக் கூரையைக் காட்டி இதை மறுக்கிறவர்கள், இயந்திரத்தைப் பழைய விலைக்கு விற்ற பணம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று காட்டட்டும்.

6. "பாதுகாப்பது போற்றுவதாகும்." டெல்டாவில் இந்த வாதத்துக்குத்தான் கை தட்டல் அதிகம். இதன் பின்னால் நியாயமான அச்சம் இருக்கிறது. ஜப்பானின் ஹஷிமா தீவுச் சுரங்கம் 2015இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கொண்டுவந்து கட்டாய வேலை வாங்கப்பட்ட கொரியர்களின் கதையை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழு கடும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. மரபு என்ற பெயரில் நிறுவனத்தின் விளம்பரப் பலகை எழும்பலாம் என்பது கற்பனைப் பயம் இல்லை. நெய்வேலியில் ஒன்று அமைந்தால் தலைவர்கள் கத்தரிக்கோலோடு நிற்கும் படங்கள் ஒரு சுவர் முழுக்க வரும், ஒப்பந்தத் தொழிலாளியின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் வரும் என்று சந்தேகப்படுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே சான்றை முழுவதும் படியுங்கள். ஹஷிமாவைக் குறித்து உலகம் ஜப்பானிடம் கேள்வி கேட்க முடிந்தது ஏன்? அந்த இடம் நிற்கிறது என்பதால். இடித்துக் கடலில் தள்ளியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. இந்தோனேசியாவின் சாவாலுந்தோவில் டச்சுக்காரர்கள் நடத்திய ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்கம் 2019இல் பட்டியலில் ஏறியது. அங்கே வேலை செய்தவர்களில் ஒரு பகுதியினர் காலில் சங்கிலி பூட்டப்பட்ட கைதிகள்; 'சங்கிலி மனிதர்' என்றே ஊர் அவர்களை அழைத்தது, பெயரைவிட எண்ணாலேயே அறியப்பட்டவர்கள். சுரங்க வாயையும் சங்கிலியையும் சேர்த்தே அந்த ஊர் இன்று காட்டுகிறது. நிலக்கரியை எடுத்த பொறியியலைச் சொல்லும் அதே வாயால் யார் முதுகில் எடுத்தார்கள் என்றும் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் நிலக்கரிக்கு மாலை போடுவாரா?

போற்றுதல் என்ற அச்சத்தால் இடத்தை அழிக்கச் சொல்கிறவர்கள், யாருக்கு உதவுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காக, கதிர் வாங்கி நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரம் ஏறியது. படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. உயர் நீதிமன்றம் வேதனைப்பட்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றது. இன்னும் முப்பது வருஷத்தில் அந்த வயலும் சுரங்கத்துக்குள் போய், மூடப்பட்டு, மேலே மரம் நிற்கும். பலகையில் 'மீட்கப்பட்ட நிலம்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையை மட்டும் பார்க்கிற அடுத்த தலைமுறைக்கு, சுரங்கம் வந்தது, போனது, காடு வந்தது என்பதுதான் வரலாறு. அதைவிடப் பெரிய போற்றுதல் வேறு என்ன இருக்கிறது? கத்தரிக்கோல் படங்களாவது வந்து பார்ப்பவனிடம் 'இது யாருடைய நிலம்' என்று கேட்கத் தூண்டும். காடு எதையும் கேட்கத் தூண்டாது.

இதை டெல்டா ஏன் தன் தலைவலியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது; அதில் பெரும்பகுதி மன்னார்குடி வட்டாரத்தின் அடியில். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2023 மார்ச் மாதம், வடசேரியும் மைக்கேல்பட்டியும் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் நிலக்கரிச் சுரங்க ஏல அறிவிப்பில் வந்தன. எதிர்ப்பு எழுந்தது, ஏப்ரலில் விலக்கிக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். பூமிக்கு அடியிலிருந்து நிலக்கரியை எடுத்துவிடவில்லை. கோப்பு மறுபடி திறக்கும் நாளில் ஒரு நிபுணர் வருவார். நிலத்தடி நீரைச் சமாளிக்கலாம், நெய்வேலியில் சமாளிக்கவில்லையா என்பார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது? நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள நீர்த்தாங்கி சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் இருக்கும். கடலிலிருந்து தள்ளியுள்ள நெய்வேலியின் கதை இது. மன்னார்குடியில் நிலக்கரி இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே இறைக்க ஆரம்பித்தால் வெறுமையான இடத்தை நிரப்பக் கடல் எந்தப் பக்கமாக வரும் என்பதற்கு முத்துப்பேட்டைக்காரருக்கு வரைபடம் தேவையில்லை. ஆனால் ஏலம் விடுகிறவரிடம் வெறும் அச்சம் செல்லாது, அளவு வேண்டும். எந்த வருஷம் எத்தனை குழாய் ஓடியது, எவ்வளவு இறைத்தது, சுற்றுக் கிராமத்துக் கிணறுகள் எவ்வளவு இறங்கின, எந்தச் சர்வே எண் எந்தத் தேதியில் கைமாறியது, யாருக்கு வேலை கிடைத்தது, யார் நிரந்தரமாகாத சொசைட்டித் தொழிலாளியாகவே ஓய்வு பெற்றார். இத்தனையும் நெய்வேலியின் பம்ப் லாக் புத்தகங்களிலும் நில எடுப்புப் பதிவேடுகளிலும் துளைக்கிணற்று மட்டக் குறிப்புகளிலும் எழுதப்படுகிற சமாச்சாரம். இயந்திரத்தைக் காப்பதற்கு முன் காக்க வேண்டியவை இந்தத் தாள்களே. வழக்கமாக ஒரு நிலையம் மூடும்போது முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறவையும் இவைதான். அவற்றுக்கு டன் விலைகூடக் கிடையாது, கிலோ விலைதான்.